அஞ்சு ரூபா டாக்டரும் நிரப்பப்படாத படிவமும்

வடசென்னையில் யாரையாவது நிறுத்தி, "உங்க ஏரியாவுல நல்ல டாக்டர் யாரு?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு விதமான பதில்தான் வரும். "அவரு கைராசிக்காரர்" என்பது ஒன்று. "அவரு காசுக்கு ஆசப்படாதவரு" என்பது இன்னொன்று. "அவர் சரியாகப் படித்தவர்", "எதையும் எழுதி வைப்பவர்" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான பகுதியில் மருத்துவம் பற்றி நான் எடுத்து வரும் குறிப்புகளில் இந்த இரண்டு பதில்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை ஒட்டி ஒரு விமர்சனம் எழுதலாம் என்று தோன்றியது. விமர்சனம் டாக்டர்கள் மீது அல்ல. டாக்டர்களை நாம் புகழ்கிற விதத்தின் மீது.

முதலில் ஒரு சொல் பிரச்சினை. 'மருத்துவம் ஒரு தொழில்' என்று தமிழில் சொன்னால் பாதிப் பேருக்குக் கோபம் வரும். "அப்ப சேவை இல்லையா?" என்பார்கள். "டாக்டருங்க இப்ப இத தொழிலாப் பண்றாங்க" என்பது நம் ஊரில் வசவு. கடை வைத்திருப்பவர் செய்வதும் தொழில், தச்சர் செய்வதும் தொழில், வக்கீல், டாக்டர் செய்வதும் தொழில் என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கிறோம். அதனால் டாக்டரைப் பற்றி யோசிக்கும்போது நமக்கு இரண்டே பெட்டிதான் கிடைக்கிறது. ஒன்று வியாபாரம், இன்னொன்று தொண்டு. பணம் வாங்கினால் வியாபாரி, வாங்காவிட்டால் தெய்வம்.

ஆனால் அதே தமிழில் 'தொழில் சுத்தம்' என்றொரு பிரயோகமும் இருக்கிறது. கொத்தனாரைப் பற்றி, வெல்டரைப் பற்றி, வலை பின்னுகிறவரைப் பற்றிச் சொல்வோம். அவர் எவ்வளவு கூலி வாங்குகிறார் என்பது அதில் வராது. யாரும் பார்க்காத இடத்திலும் வேலையைச் சரியாகச் செய்வார், அதே வேலை தெரிந்த இன்னொருவர் வந்து பார்த்தால் குறை சொல்ல முடியாது என்பதுதான் அதன் அர்த்தம். மருத்துவம் எந்த அர்த்தத்தில் தொழில் என்று கேட்டால், இந்த அர்த்தத்தில்தான் என்பேன்.

இனி அஞ்சு ரூபாய்க்கு வருகிறேன். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்தியம் பார்த்த டாக்டர் ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரில் இறந்தார். இரண்டு ரூபாயில் ஆரம்பித்து, பிறகு ஐந்து ரூபாய் வாங்கியவர். வியாசர்பாடியில் 1973 முதல் அதேபோல இரண்டு ரூபாயில் தொடங்கி ஐந்து ரூபாய்க்குப் பார்த்து வந்த டாக்டர் திருவேங்கடம் 2020 ஆகஸ்ட் 15-ஆம் தேதி காலமானார். இருவருக்கும் அந்தந்தப் பகுதி மக்கள் அழுததில் பொய் கிடையாது. ஆனால் இருவரின் இரங்கல் செய்திகளிலும் தலைப்பில் இருந்தது தொகைதான். இருவரையும் ஒரு சினிமாவின் பெயரோடு சேர்த்துத்தான் எழுதினார்கள். அட்லி இயக்கி 2017 தீபாவளிக்கு வந்த 'மெர்சல்'.

அந்தப் படத்தில் விஜய்க்கு மூன்று வேடம். அதில் ஒன்று மாறன் என்கிற அஞ்சு ரூபா டாக்டர். எதிரில் எஸ்.ஜே. சூர்யா நடித்த டேனியல் ஆரோக்கியராஜ், ஆஸ்பத்திரியைக் கம்பெனி ஆக்கியவர். படம் வந்தபோது சண்டை முழுக்க ஜி.எஸ்.டி. வசனத்தைச் சுற்றியே நடந்தது. மருத்துவர் சங்கங்களும் எதிர்ப்புத் தெரிவித்தன. அந்தச் சத்தத்தில் படத்தின் அடிப்படை வாதத்தை யாரும் சரியாகக் கேட்கவில்லை. மாறன் நல்ல டாக்டர் என்பதற்குப் படம் தருகிற முதல் ஆதாரம் அவர் வாங்குகிற தொகை. அவர் எப்படி நோயைக் கண்டுபிடிக்கிறார், தவறு நடந்தால் யாரிடம் பதில் சொல்வார், தனக்குத் தெரியாததை யாரிடம் கேட்பார் என்பதெல்லாம் படத்துக்குத் தேவைப்படவில்லை. கெட்ட டாக்டர்களுக்கான தண்டனையை மேஜிக் தெரிந்த தம்பி பார்த்துக்கொள்கிறார். மெடிக்கல் கவுன்சில் என்று ஒன்று இருப்பதே அந்த உலகத்தில் பொருட்டில்லை.

இது மெர்சலோடு ஆரம்பித்ததும் இல்லை. 2002-இல் முருகதாஸின் 'ரமணா'வில் இறந்துபோன ஒருவரின் உடலுக்குச் சிகிச்சை கொடுப்பதாகச் சொல்லி ஆஸ்பத்திரி பணம் பிடுங்குகிற காட்சி இன்றுவரை எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றுகிறது. சொந்த அனுபவம் மாதிரியே ஜனங்கள் அதைச் சொல்கிறார்கள். ஆக நம் சினிமாவில் டாக்டர் என்றால் ஒன்று சாமி, இல்லையென்றால் சாத்தான். காலையில் நாற்பது பேர், மாலையில் அறுபது பேர் பார்த்துவிட்டு, கேஸ் ஷீட்டை ஒழுங்காக எழுதி, சந்தேகம் வந்தால் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்புகிற சாதாரண டாக்டருக்கு அங்கே இடமே இல்லை. தொழில் என்பதே அந்த மூன்றாவது ஆளிடம்தான் இருக்கிறது.

"அஞ்சு ரூபா வாங்கின மனுஷனயே குத்தம் சொல்றியா?" என்று கேட்கலாம். இல்லை. இந்த டாக்டர்களிடம் இருந்த பெரிய விஷயத்தை விட்டுவிட்டுச் சின்ன விஷயத்தைப் புகழ்ந்துவிட்டோம் என்கிறேன். ஒரே பகுதியில் நாற்பது ஆண்டுகள் உட்கார்ந்திருப்பது சாதாரணம் இல்லை. அப்பனுக்கு வந்த இருமல் மகனுக்கும் வருகிறதா, எந்தத் தெருவில் பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு, ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு முதுகு எந்த வயதில் போகிறது என்பதெல்லாம் அப்படி இருப்பவருக்குத்தான் தெரியும். அது அறிவு. எந்த ஸ்கேன் சென்டராலும் தர முடியாத அறிவு. அஞ்சு ரூபாய் என்பது அந்த அறிவு சேர்வதற்கு வழிவிட்ட கதவு. கதவைப் புகழ்ந்துவிட்டு வீட்டைப் பார்க்காமல் வந்துவிட்டோம்.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். இருவரும் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். திருவேங்கடம் படித்தது ஸ்டான்லியில். மக்கள் வரிப்பணத்தில் கிடைத்த படிப்பு, கடன் இல்லாமல் தொடங்கிய வாழ்க்கை, கைமீறினால் அனுப்பி வைக்கப் பக்கத்திலேயே ஸ்டான்லி, பிரசவம் என்றால் ராயபுரத்திலேயே ஆர்.எஸ்.ஆர்.எம். இவ்வளவும் இருந்ததால்தான் அஞ்சு ரூபாய் சாத்தியமானது. தனி மனிதரின் தியாகத்தைப் புகழும்போது அவர் காலுக்கடியில் இருந்த பொதுச் சொத்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஒரு கோடி கொடுத்து சீட் வாங்கிய பிள்ளையிடம், "நீ ஏன் அவர் மாதிரி இல்ல?" என்று கேட்பது சுலபம். அந்தப் பிள்ளையை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது யார் என்று கேட்பதுதான் கஷ்டம்.

ஸ்டான்லியின் வரலாற்றிலேயே 'தொழில்' என்கிற பிரச்சினை புதைந்து கிடக்கிறது. 1782-இல் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற உருவான மணியக்காரர் சத்திரத்தின் தொடர்ச்சி அது. அதனால்தான் பழைய ஆட்கள் இன்னமும் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்கிறார்கள். பிறகு அங்கே ராயபுரம் மருத்துவப் பள்ளி நடந்தது. அதில் படித்து வெளியே வந்தவர்கள் எல்.எம்.பி.க்கள். பட்டதாரி டாக்டர்களுக்கு ஒரு படி கீழே வைக்கப்பட்டவர்கள். 1933-இல் ஐந்தாண்டு டிப்ளமோ வந்தது. 1934-இல் கவர்னர் ஸ்டான்லியின் பெயர் சூட்டப்பட்டது. 1938-இல் அது கல்லூரியானது.

அதே 1933-இல்தான் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டமும் வந்தது. அந்தச் சட்டம் பட்டதாரிகளை மட்டும் கணக்கில் எடுத்தது. எல்.எம்.பி.க்களை வெளியே நிறுத்தியது. சின்ன ஊர்களிலும் ஏழைகள் இருக்கிற தெருக்களிலும் பெரும்பாலும் இருந்தவர்கள் அந்த எல்.எம்.பி.க்கள்தான். 1946-இல் போர் குழு, ஒரே வகை டாக்டர் போதும், எல்.எம்.பி. படிப்பு வேண்டாம் என்று பரிந்துரைத்தது. குழுவுக்குள்ளேயே சிலர் மாறுபட்டார்கள், ஆனாலும் அதுதான் நடந்தது. தரம் உயர்ந்தது உண்மை. கூடவே கதவும் குறுகியது. தொழில் என்று ஒன்று உருவாகும்போது எப்போதும் இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கும். 'எங்களைத் தவிர யாரும் இதைச் செய்யக் கூடாது' என்று சமூகத்திடம் தனியுரிமை வாங்கிக்கொள்கிறார்கள். அதற்குப் பதிலாக, 'எங்களில் ஒருத்தர் தப்பு செய்தால் நாங்களே கேட்போம், உங்கள் நலன்தான் எங்களுக்கு முதல்' என்று வாக்குக் கொடுக்கிறார்கள். அது ஒரு பேரம். தனியுரிமை முழுசாகக் கைக்கு வந்துவிட்டது. வாக்கு எந்த அளவுக்கு வந்தது என்பதுதான் கேள்வி.

2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளை எடுத்துப் பாருங்கள். மனிதகுலத்துக்குத் தொண்டு செய்வதே முதல் நோக்கம், வருமானம் அதற்கு அடுத்துத்தான் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. ஃபீஸை வேலை முடிந்தபிறகு சொல்லக் கூடாது, முன்னாலேயே தெரிவிக்க வேண்டும் என்கிறது. அனுப்பி வைத்ததற்கு கமிஷன் வாங்கக் கூடாது என்கிறது. பணம் வாங்கவே கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை. அதாவது விதிகளுக்கே தெரியும், பிரச்சினை ஃபீஸில் இல்லை, மறைவில் இருக்கிறது என்று.

ஆனால் சட்டம் வேறு இடத்தில் பணத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. 1995-இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்றது. ஒரு விலக்கு கொடுத்தது. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தருகிற இடம் அந்தச் சட்டத்துக்குள் வராது. பேருக்கு வாங்குகிற பதிவுக் கட்டணம் இதை மாற்றாது. அதன்படி பார்த்தால் தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டியவர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். ஸ்டான்லியில் இலவசமாகச் சேர்ந்தவர் அங்கே போக முடியாது. சிவில் கோர்ட், மெடிக்கல் கவுன்சில் என்று சுற்ற வேண்டும். ஒரு கூலித் தொழிலாளி அதை எத்தனை நாள் சுற்றுவார்? கேள்வி கேட்கிற உரிமையை ரசீதில் கட்டிவைத்தால் அது வியாபாரத்தின் நியாயம். தொழிலின் நியாயத்தில் ஓ.பி. சீட்டு வைத்திருப்பவருக்கும் கார்டு தேய்த்தவருக்கும் ஒரே பதில்தான் சொல்லியாக வேண்டும்.

குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பார்த்துக்கொள்பவர். அதில் கருணை, தானம் என்ற பேச்சே இல்லை. பழைய ஆட்கள் அதை ஒரு வேலையாகத்தான் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும். ஆனால் ராயபுரம் தாண்டித் திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போனால் இந்த நாலு போதாது. ஐந்தாவதாக நோயாளி வேலை செய்கிற இடம் ஒன்று இருக்கிறது.

1940-களின் கடைசியில் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், 1950-களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு, 1970-களில் எண்ணூர் அனல்மின் நிலையம் என்று வரிசையாக வந்த பகுதி இது. டயர், உரம், சுத்திகரிப்பு, நிலக்கரி, துறைமுகம் எல்லாம் ஒரே காற்றில் இருக்கின்றன. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமசினி 1700-இல் தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் அவர் டாக்டர்களுக்குச் சொன்னது ரொம்பச் சின்ன விஷயம். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' முந்நூறு வருஷம் ஆகிவிட்டது. திருவொற்றியூர் ஹை ரோட்டில் இருக்கிற கிளினிக்குகளில் இன்று மாலை எத்தனை பேரிடம் அந்தக் கேள்வி கேட்கப்படும்?

"எத்தன நாளா இருமல்?"

"ரெண்டு மாசமா இருக்கு சார்."

"பீடி, சிகரெட்டு உண்டா?"

"இல்ல சார்."

"சரி, மூணு நாளைக்கு எழுதித் தரேன், சாப்ட்டுட்டு வா."

இப்படித்தான் பெரும்பாலும் முடியும். கேட்காத கேள்வி ஒன்று பாக்கி இருக்கும். கேட்டிருந்தால் "கிரைண்டிங் செக்ஷன்ல இருக்கேன் சார், கான்ட்ராக்ட்டு" என்று பதில் வந்திருக்கலாம். அப்போது அது வெறும் இருமல் இல்லை.

இதில் தர்மம் மட்டும் இல்லை, சட்டமும் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 89. தொழிற்சாலையில் வேலை பார்க்கிற, அல்லது பார்த்த ஒருவருக்குச் சிகிச்சை அளிக்கும் டாக்டர், அந்தச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் இருந்த நோய் அவருக்கு இருப்பதாகக் கருதினால், தாமதிக்காமல் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அது சொன்னது. நோயாளியின் பெயர், முகவரி, நோய், தொழிற்சாலையின் பெயர். அட்டவணையில் சிலிகோசிஸ், ஈய நச்சு, தோல் அழற்சி, இரைச்சலால் வரும் காதுகேளாமை எல்லாம் இருந்தன. தெரிவிக்காவிட்டால் 1,000 ரூபாய் வரை அபராதம் இருந்தது. 2020-இல் நிறைவேறி, 2025-இல் அதன் இடத்துக்கு வந்த புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்தக் கடமை இருக்கிறது.

இதைவிட சுவாரசியமான விஷயம், பிரிவு 89 அந்த டாக்டருக்கு ஒரு ஃபீஸும் வைத்திருந்தது. அறிக்கை சரி என்று உறுதியானால் அரசு அவருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும், அதைத் தொழிற்சாலை உரிமையாளரிடம் நிலவரி பாக்கி மாதிரி வசூல் செய்துகொள்ளலாம் என்று இருந்தது. அஞ்சு ரூபாயைப் பற்றிப் படம் எடுத்தோம். இந்த ஃபீஸைப் பற்றி யாருக்காவது தெரிந்திருந்ததா? நோயாளியிடம் ஒரு பைசா வாங்காமல், அவருக்காக டாக்டர் செய்யக்கூடிய பெரிய வேலை இது. ஏனென்றால் 'தொழில் சார்ந்த நோய்' என்று பேப்பரில் ஏறினால்தான் ஈ.எஸ்.ஐ. பலனோ தொழிலாளர் இழப்பீடோ கேட்க முடியும். பேப்பரில் ஏறாத நோய்க்குச் சொந்தக்காரர் நோயாளி மட்டும்தான்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை யோசித்துப் பாருங்கள். எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்கு வருகிற கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், சிலர் ஸ்டான்லிக்கு. அமோனியா ஈரத்தைத் தேடிப் போகிற வாயு. கண், தொண்டை, மூச்சுக்குழாயின் ஈரத்தில் கரைந்து காரமாகி அரிக்கும். இவர்கள் தொழிலாளிகள் இல்லை, அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள். அதனால் பிரிவு 89 இவர்களுக்குப் பொருந்தவில்லை. டாக்டரைக் கட்டாயப்படுத்துகிற படிவம் எதுவும் அதில் இருக்கவில்லை.

தொழில் என்பதற்குச் சோதனை இந்த இடத்தில்தான் வருகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் 'மூச்சுத் திணறல்' என்று எழுதலாம். 'அமோனியா வாயு சுவாசித்ததால் ஏற்பட்ட மூச்சுத் திணறல், இந்தத் தேதி, இந்த இடம்' என்றும் எழுதலாம். மருந்து இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் இரண்டு வருஷம் கழித்து மூச்சு வாங்குகிறது என்று அந்த அம்மா வந்தால், முதல் சீட்டு ஒன்றுக்கும் உதவாது. போபாலில் 1984-க்குப் பிறகு இழப்பீடு கேட்டவர்களிடம் கேட்கப்பட்டது மருத்துவ ஆவணம்தான். அது இல்லாதவர்களின் பாடு என்ன ஆனது என்பதை அந்த ஊர்க்காரர்கள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எழுதுவது சுலபம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நூறு பேர் வரிசையில் நிற்கும்போது வேலை வரலாறு கேட்க நேரம் எங்கே? கம்பெனியில் சம்பளம் வாங்குகிற டாக்டரின் நிலைமை இன்னும் சிக்கல். அவர் பார்க்கிற நோயாளிக்கும் அவருக்குச் சம்பளம் கொடுப்பவருக்கும் நலன் வேறு வேறு. வெளியே கிளினிக் வைத்திருப்பவருக்கும், பக்கத்துக் கம்பெனியின் மருத்துவப் பரிசோதனைக் கான்ட்ராக்ட் கையில் இருந்தால், பேனா கொஞ்சம் தயங்கும். தொழிலாளியே "எழுதாதீங்க சார், வேலய விட்டுத் தூக்கிருவான்" என்று கெஞ்சுவதும் உண்டு. இதையெல்லாம் தனி ஆளின் தைரியத்தால் சமாளிக்கச் சொன்னால், மறுபடியும் இன்னொரு மாறனைத் தேடுகிறோம் என்றுதான் அர்த்தம். தொழில் என்ற அமைப்பு இருப்பதே தனி ஆளுக்குத் தைரியம் தேவைப்படாமல் இருக்கத்தான். எழுதியதற்காக டாக்டருக்குத் தொல்லை வந்தால் சங்கம் முன்னால் வந்து நிற்க வேண்டும். டாக்டரை அடித்தால் ஸ்ட்ரைக் செய்கிற சங்கம், அது நியாயமான ஸ்ட்ரைக்தான், பிரிவு 89-இல் எத்தனை அறிக்கைகள் போயின என்றும் ஒரு நாள் தன் உறுப்பினர்களைக் கேட்க வேண்டும்.

கைராசி ஒரு மனிதரோடு வந்து அவரோடு போய்விடும். தியாகமும் அப்படித்தான். அவர் போனபிறகு அந்தத் தெருவுக்கு மிஞ்சுவது ஒரு ஃபிளக்ஸ் பேனர். எழுதி வைத்த கேஸ் ஷீட் இருந்தால் அடுத்து வருகிற டாக்டர் அதிலிருந்து ஆரம்பிக்கலாம். அவர் கைராசிக்காரராக இருக்க வேண்டியதில்லை, நல்லவராக இருப்பதுகூடப் போனஸ்தான். தொழில் சுத்தம் இருந்தால் போதும்.

அதனால் இனிமேல் யாராவது "நல்ல டாக்டர் இருக்காரு, அம்பது ரூபாதான் வாங்குவாரு" என்று சொன்னால் ஒன்றைக் கூடவே கேட்டு வையுங்கள். "நீ எங்க வேல செய்றன்னு கேட்டாரா? கேட்டு எழுதிக்கிட்டாரா?"